டிக்கெட் வாங்காத பூக்காரம்மா

ஆம்பூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தபோது நான் சின்னப் பெண். வீடு குடியாத்தத்தில். ஆம்பூரில் தனியாகத் தங்க அம்மா சம்மதிக்கவில்லை. தினமும் ரயிலில் போய் வந்தால் போகிறது என்று அப்பா சொன்னார். முப்பதுகளின் தொடக்கத்தில் நாலைந்து வருஷம் என்னுடைய காலைகளும் மாலைகளும் மூன்றாம் வகுப்புப் பெண்கள் பெட்டியில்தான் கழிந்தன.

வகுப்பில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது அவ்வளவாக ஞாபகமில்லை. அந்தப் பெட்டி மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதன் வெளிப்பக்கம் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் தலையை வரைந்திருப்பார்கள். மழையும் எஞ்சின் கரியும் பட்டு அந்தப் பெண்ணுக்கு மூக்கு அழிந்துபோயிருந்தது. அதனால் எல்லோரும் அதை "மூக்கில்லாப் பொட்டி" என்றுதான் சொல்வார்கள். "ஓடியாங்க, மூக்கில்லாப் பொட்டி இங்க நின்னுடுச்சு" என்று யாராவது கத்துவார்கள். குழந்தை, கூடை, தூக்குச் சட்டி எல்லாம் உள்ளே ஏறும்.

குடியாத்தம் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருந்ததால் ஜட்காவில்தான் போக வேண்டும். அந்த ஜட்காவை என்னோடு பங்குபோட்டவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த, வெளி ஆண்களுக்கு முகம் காட்டாத ஒரு கோஷா அம்மாள். பிறந்த வீடு ஆம்பூரில். அங்கே அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்ததால் அநேகமாகத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். எல்லோரையும் போல நானும் அவரை பீபிம்மா என்றே கூப்பிட்டேன். வீட்டில் உருது, எங்களோடு பேசுவது எங்கள் ஊர்த் தமிழ். ஜட்காவில் ஏறிய பிறகும் பிளாட்பாரத்திலும் புர்காவை விலக்க மாட்டார். பெண்கள் பெட்டிக்குள் கால் வைத்ததும் முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டு, "அப்பாடா!" என்பார். அந்த "அப்பாடா"வுக்குப் பிறகுதான் எனக்கு நாள் தொடங்கும்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கு மூன்று வயது முடிகிற வரைக்கும் டிக்கெட் கிடையாது. முடிந்த மறுநாள் காலை பீபிம்மா ஜட்காக்காரரிடம் காசு கொடுத்து, தனக்கு ஒன்றும் குழந்தைக்கு அரை டிக்கெட்டும் வாங்கி வரச் சொன்னார். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"டிக்கெட் குடுக்கறவரு கேக்கறாரும்மா, இவ்ளோண்டு கொழந்தைக்கு எதுக்குன்னு. யாரு கேக்கப் போறாங்கறாரு."

"யாரும் கேக்க வேணாம். நேத்தோட மூணு முடிஞ்சிடுச்சு. வாங்கிட்டு வா."

குழந்தையைப் பார்த்தால் இரண்டு வயதுகூடச் சொல்ல முடியாது. அந்த அரை டிக்கெட் அட்டையை அது வழி முழுக்க வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வந்தது.

மேல்பட்டியில் பூக்காரம்மா ஏறுவாள். கறுத்து ஒல்லியாக, எலும்புக்கு எலும்பு முறுக்கேறிய உடம்பு. தலையில் ஈரத்துணி போட்டு மூடிய கூடை. பெஞ்சுக்கு வரமாட்டாள். கதவோரம் தரையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மல்லிகை வாசனை பெட்டி முழுக்கப் பரவும். பச்சகுப்பம் தாண்டும் வரைக்கும்தான் அது. பிறகு ஆம்பூரின் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்து அதை விழுங்கிவிடும். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாடை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் அந்த வாடை வந்ததும் மூட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம்.

ஆம்பூரில் எல்லோரும் பிளாட்பாரத்துப் பக்கம் இறங்க, பூக்காரம்மா மட்டும் அந்தண்டைப் பக்கக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் குதிப்பாள். ஆவாரம்பட்டைக் கட்டு ஏற்றிய மாட்டு வண்டிகள் நிற்கிற இடத்தில் புகுந்து ஊருக்குள் போய்விடுவாள். அவள் டிக்கெட் வாங்குவதில்லை என்பது பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. பெண்கள் பெட்டிக்குள், அதுவும் கோஷாப் பெண்கள் முகம் திறந்து உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள், ஆண் பரிசோதகர் யாரும் ஏறமாட்டார்கள். அந்த தைரியம்தான்.

ஒரு நாள் நான் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "பூக்காரம்மா, ஒங்களுக்கு பயமா இல்லியா?"

"இன்னாத்துக்கு டீச்சரம்மா பயம்? இந்த ரயில் ரோடு போடச்சொல்ல எங்க வூட்டுக்காரரோட தாத்தா மண்ணு சொமந்தாரு. கூலி சரியாக் குடுக்கலன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாராம். அதத்தான் நான் ஏறி ஏறிக் கழிச்சிக்கினு கீறேன்."

பெட்டியே சிரித்தது. பீபிம்மாவும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்.

"நான் ரயில் கம்பெனிக்காகச் சொல்லல, பூக்காரம்மா. கம்பெனி பெருசு, அதுக்கு ஒண்ணும் கொறையாது. நான் வேற ஒண்ணு யோசிப்பேன். ஒருத்தர்கிட்ட தப்பு பண்ணா அவங்க வாசல்ல போய் நின்னு மாஃப் கேட்டுடலாம். ரயில்ல பண்ணா யார் வாசல்ல போய் நிக்கறது? காசு குடுத்து ஏறின ஜனம் எவ்ளோ ஜாஸ்தி! மதராஸ்லேர்ந்து மங்களூர் வரைக்கும் வீடு வீடாப் போக முடியுமா?"

பூக்காரம்மா கொஞ்சம் யோசித்தாள். "நான் யாரு எடத்தயும் எடுக்கலியே பீபிம்மா. கதவாண்ட தரையிலதான குந்திக்கினு வர்றேன். பெஞ்சுல குந்தினா அப்ப கேளுங்க."

அன்று மாலை வீட்டில் இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர், கதர் கட்டுகிறவர். வெள்ளைக்காரனுடைய ரயிலுக்குக் காசு கொடுக்காதது நல்லதுதான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "எதிர்க்கறதுன்னா நேருக்கு நேரா எதிர்க்கணும். நான் டிக்கெட் வாங்கமாட்டேன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டயே சொல்லிட்டு ஏறணும். ஜெயில்ல போடுன்னு நிக்கணும். அந்தண்டப் பக்கம் குதிச்சு ஓடறது எதிர்ப்பில்ல."

மறுநாள் அதைப் பெட்டியில் அப்படியே ஒப்பித்தேன். பூக்காரம்மா கூடையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஒங்கப்பாரு ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தா ஸ்டேஷன்லயே மால போடுவாங்க. நான் போய்ட்டு வந்தா யாரு போடுவா? நானே கட்டி நானேதான் போட்டுக்கணும்" என்றாள். அதையும் அன்று மாலை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் பெட்டியில் ஒரு நாள் பச்சகுப்பத்தில் ஒரு சட்டைக்காரப் பெண், ஆங்கிலோ இந்தியப் பெண், ஏறினாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, தோளில் தோல் பை, கையில் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற கருவி. பெண்கள் பெட்டிகளைச் சோதிக்கப் பெண்களையே வேலைக்கு எடுக்கிறார்கள் என்று காட்பாடிப் பக்கத்தில் பேச்சு இருந்தது; நாங்கள் நம்பவில்லை. அவள் என் வயதுதான் இருப்பாள். ஜோலார்பேட்டை ரயில்வே வீடுகளில் வளர்ந்தவள். அப்பா எஞ்சின் டிரைவர். அதனால் அவள் பேசியது எங்கள் தமிழ்தான்.

"டிக்கெட் காட்டுங்கம்மா" என்றாள்.

நாங்கள் முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டை எடுப்பதற்குள் பூக்காரம்மா கூடையோடு மறுபக்கம் குதித்துவிட்டாள். வண்டி கிளம்பிவிட்டது. மார்ச் மாத வெயிலில் பச்சகுப்பத்திலிருந்து ஆம்பூர் வரைக்கும் அவள் நடந்தே வந்ததும், வருவதற்குள் மொட்டெல்லாம் மலர்ந்து வாடி, வாடிக்கைக்காரர்கள் வேண்டாம் என்றதும் பிறகு தெரிந்தது.

அந்தப் பரிசோதகப் பெண் மேல் எங்கள் எல்லோருக்கும் கோபம். அவள் ஏறினால் பேச்சை நிறுத்திவிடுவோம். டிக்கெட்டை அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவோம். உட்காரச் சொல்லி யாரும் நகரமாட்டோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். எங்கள் எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது. அப்படியும் அவளை எங்களுக்குப் பிடிக்கவில்லை. இதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை முகத்தை மறைத்துத் தொங்குகிற பூத்திரைக்கு செஹ்ரா என்று பெயர். அந்தப் பக்கத்தில் செஹ்ரா கட்ட பூக்காரம்மாவைவிட நல்ல கை கிடையாது. கல்யாண வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தாள். அன்று காலை வழக்கமான கூடையோடு இன்னொரு பெரிய கூடையும் வைத்துக்கொண்டு மேல்பட்டியில் ஏறினாள். முந்தின நாள்தான் சோதனை நடந்தது, அடுத்தடுத்து வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். பச்சகுப்பத்தில் யாரும் ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம்.

ஆம்பூரில் வண்டி நின்றது. பூக்காரம்மா அந்தண்டைப் பக்கக் கதவைத் திறந்தாள். கீழே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பரிசோதகப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு கூடையோடு எங்கே ஓடுவது? பூக்காரம்மா ஓடவில்லை. "சின்னக் கூடையப் புடி, கொட்டிடப் போவுது" என்று அவளிடமே ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. டிக்கெட் காசும் அபராதமும் கட்டினால் விட்டுவிடலாம். இல்லையென்றால் மதியம் வருகிற வண்டியில் காட்பாடிக்கு அனுப்பி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். பூக்காரம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில் அவ்வளவு இல்லை. பூ வாங்கவே எல்லாம் போயிருந்தது.

பள்ளியில் பரீட்சை முடிந்துவிட்டிருந்தது. அன்று தாமதமாகப் போனாலும் கேட்கமாட்டார்கள். நான் நின்றுவிட்டேன். பீபிம்மா புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி, "நான் கட்டறேன்" என்றார்.

"வேணாம் பீபிம்மா."

"ஏன்? கடன்னு வெச்சிக்கோ."

"இத்தினி நாளா நீங்க சொல்லி நான் கேக்கல. இப்ப ஒங்க காசுல வெளிய வந்தா, நாளைக்கு அந்தப் பொட்டியில ஒங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? என்னய காட்பாடிக்கு அனுப்பட்டும். பூ மட்டும்தான் வீணாப் போவுது."

கல்யாண வீட்டை நினைத்ததும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பீபிம்மா பிறகு பரிசோதகப் பெண்ணிடம் திரும்பினார்.

"மதியம் வண்டி வர்ற வரைக்கும் இவ இங்கதான இருக்கணும்?"

"ஆமாம்மா."

"சும்மாத்தான இருக்கணும்? பூ கட்டினா தப்பில்லியே?"

பரிசோதகப் பெண் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

மூட்டை நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில், புளியமர நிழல் விழுகிற இடத்தில் உட்கார்ந்தோம். நான் மொட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பீபிம்மா அளவு சொன்னார்: எவ்வளவு நீளம் தொங்கவேண்டும், ரோஜா எங்கே, ஜரிகை எங்கே என்று. பூக்காரம்மாவின் விரல்கள் போன வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. செஹ்ராவின் தலைக்கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் சரம் சரமாகத் தொங்கவிட முடியும். ஒரு முனையைத் தராசுக் கைப்பிடியில் கட்டினாள். சற்று நேரத்தில் தோல் கட்டு நிறுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கயிற்றை அவிழ்க்கவேண்டியதாயிற்று. "யாராவது இந்த முனையப் புடிங்களேன்" என்றாள். என் மடி முழுக்கப் பூ. பீபிம்மாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பரிசோதகப் பெண் தோல் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு வந்து முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறுக்கிப் புடி. தளர உடாத."

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து பூக்காரம்மா கேட்டாள். "நீ டிக்கெட் வாங்கிக்கினுதான் ஏர்றியா?"

"எனக்கு பாஸ் இருக்கு."

"பாத்தியா!"

"அது சம்பளத்தோட சேர்ந்தது. வேலை செய்யறேன், குடுக்கறாங்க."

"எங்க வூட்டுக்காரரோட தாத்தாவும்தான் வேல செஞ்சாரு. அவருக்கும் ஒரு பாசு குடுத்திருக்கலாம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தோம். பிறகு சிரிப்பு நின்று மெதுவாகச் சொன்னாள். "ஒங்கள நான் வேணும்னு புடிக்கல. ஒங்கள விட்டுட்டு, மேல்பட்டிலேர்ந்து காசு குடுத்து ஏர்ற கீரைக்காரம்மாகிட்ட நான் எப்படி டிக்கெட் கேக்கறது? அவங்களும் கூடையோடதான வர்றாங்க?"

பூக்காரம்மா கையில் இருந்த சரத்தைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

செஹ்ரா முடிந்தபோது அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். வெள்ளை மல்லிகைச் சரங்கள், அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோஜா. தோல் கட்டு நிறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதை ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டையில் வைத்து, பீபிம்மா புர்காவுக்குள் அணைத்துக்கொண்டார். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுத் திரை போட்ட ஜட்காவில் ஏறிப் போனார். கல்யாண வீட்டுப் பெண்கள் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் நல்ல குடும்பத்துக் கோஷாப் பெண் ஒருத்தி பூக்கூலி வாங்க வந்து நின்றதை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றி ஒருபோதும் சொன்னதில்லை.

மதிய வண்டிக்குச் சிக்னல் கைகாட்டி சாயும் நேரத்துக்கு ஜட்கா திரும்பி வந்தது. பீபிம்மா கூலியைக் கொண்டுவந்து பூக்காரம்மாவின் கையில் வைத்தார். "இது ஒன்னோடது. மாப்ளையோட அம்மா கையில எடுத்துப் பாத்துட்டு மாஷா அல்லாஹ்ன்னாங்க."

பூக்காரம்மா அந்தக் காசிலிருந்தே டிக்கெட்டும் அபராதமும் கட்டினாள். பரிசோதகப் பெண் ரசீது எழுதிக் கொடுத்தாள். "இது இன்னாத்துக்கு எனக்கு?" என்று பூக்காரம்மா கேட்டாள்.

"வெச்சிக்கோங்க. நீங்க கட்டினதுக்கு அத்தாட்சி."

அன்று சாயங்காலம் அவள் ஆம்பூர் ஸ்டேஷனின் முன்வாசல் வழியாக வந்தாள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் நின்று மேல்பட்டிக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். பெட்டிக்குள் ஏறியதும் நேராக ஜன்னலோர பெஞ்சுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தள்ளுங்க டீச்சரம்மா" என்றாள். தள்ளினேன். காலை நீட்டிக்கொண்டு, பாலாற்று மணல்மேல் வெயில் இறங்குவதை மேல்பட்டி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். "இவ்ளோ பெருசா இந்த ஆறு!" என்றாள். இத்தனை வருஷமாகக் கதவோரத் தரையிலிருந்து அவள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அன்றோடு அவள் திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பூ நன்றாக விற்றால் மறுநாள் டிக்கெட் வாங்குவாள். விற்காவிட்டால் வாங்கமாட்டாள். ஆனால் டிக்கெட் இல்லாத நாளில் பெஞ்சுப் பக்கம் வரவே மாட்டாள். நாங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டாள். டிக்கெட் இருந்தால் யாரையாவது நகரச் சொல்லி ஜன்னலோரம்தான் வேண்டும் என்பாள். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். பரிசோதகப் பெண்ணுக்கும் தெரியும். கதவோரம் இருந்தால் பேசாமல் இறக்கிவிடுவாள். பூக்காரம்மாவும் பேசாமல் இறங்கி நடப்பாள். மறுநாள் இருவரும் ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டு வருவார்கள்.

மாறியது நாங்கள்தான். அந்தச் சட்டைக்காரப் பெண் ஏறினால் பேச்சை நிறுத்துவதில்லை. பீபிம்மாவே பெஞ்சில் கையால் தட்டி, "வாம்மா, உக்காரு. எவ்ளோ நேரம் நின்னுக்கிட்டே வருவே?" என்பார். அவள் எல்லோருடைய டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, ஒன்றையும் விடாமல் பார்த்துவிட்டு, பிறகுதான் உட்காருவாள். ஜோலார்பேட்டையில் அம்மா செய்கிற கேக்கை கிறிஸ்துமஸ் சமயத்தில் டப்பாவில் கொண்டுவந்தாள். பீபிம்மா வீட்டு ஷீர்குர்மா பாயசம் ரம்ஜானுக்கு வந்தது. மூக்கில்லாப் பெட்டியில் நாங்கள் சாப்பிட்ட பண்டங்களை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தது. பீபிம்மாவின் தாயார் ஒரு மழைக்காலத்தில் காலமானார். அதற்குப் பிறகு அவருக்கு ஆம்பூர் வரக் காரணமில்லாமல் போயிற்று. பெருநாளைக்கு மட்டும் வருவார். பரிசோதகப் பெண் கல்யாணமாகி அரக்கோணம் போனாள். பூக்காரம்மா மேல்பட்டியில் ஏறிக்கொண்டுதான் இருந்தாள், ஒரு நாள் பெஞ்சு, ஒரு நாள் தரை என்று.

என்னை வேலூர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அப்போது பஸ் வந்துவிட்டிருந்தது. வாசல் தெருவிலேயே ஏறிக்கொள்ளலாம், ஜட்கா வேண்டாம். கண்டக்டர் ஏறும்போதே காசு வாங்கிவிடுவார். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சௌகரியம்தான். ஆனால் அந்த பஸ்ஸில் பெண்களுக்கு முன்னால் இரண்டே வரிசை. ஆண்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் முக்காட்டை விலக்கி மூச்சு விடமாட்டார்கள். வேலூர் போய்ச் சேரும் வரைக்கும் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் நான் பல நாள் போயிருக்கிறேன்.